பூங்கா வாசலிலா, பள்ளிவாசல் அருகிலா?



ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், நம் இல்லங்களில் பயணப் பேச்சு எழுவது இயல்பு. ஒரு காலத்தில் அந்தப் பேச்சு ஊட்டி, கொடைக்கானல் என்ற அளவில் நின்றது. இப்போது அது கடல் கடந்து, சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பொழுதுபோக்குப் பூங்கா வரை நீண்டுவிட்டது. 2010-ஆம் ஆண்டு மார்ச்சில் அப்பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து, திருச்சியிலும் சென்னையிலும் விமானம் ஏறும் குடும்பங்களின் பிள்ளைகள் முதலில் கேட்கும் இடமாக அது ஆகியிருக்கிறது.

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை நமக்கு அறிவுறுத்துகிறது. பிள்ளைகளை மகிழ்விப்பதும் பெற்றோரின் பொறுப்புகளில் ஒன்றே. ஆகவே, போகலாமா கூடாதா என்பது பற்றி இம்மாதம் நாம் பேசப் போவதில்லை. போவதென்று முடிவெடுத்த குடும்பம் அடுத்து எதிர்கொள்ளும் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். பூங்காவை ஒட்டிய வளாகத்திலேயே அறை எடுப்பதா? அல்லது நகரத்தில் தங்கிக்கொண்டு ஒருநாள் போய் வருவதா?

இது பணக்கணக்கு மட்டும்தானே என்று சிலர் நினைக்கலாம். பணமும் இதில் உண்டு; ஆனால் ஐவேளைத் தொழுகை, ஹலாலான உணவு, வயது முதிர்ந்த தாயாரின் முழங்கால், கைக்குழந்தையின் உறக்கம் ஆகிய அனைத்தும் இந்த ஒரு முடிவுக்குள் அடங்கியிருக்கின்றன. பயணத்தின் மற்ற ஏற்பாடுகளைப் போன இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். முன்பணம் கட்டிய அறையை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது.

அமெரிக்க அறிவுரை இங்கே பொருந்துமா?

"உள்ளேயே தங்குங்கள், அதுதான் வசதி" என்று அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர் சொல்வது அவர் கண்ட இடத்துக்கு உண்மை. ஃபுளோரிடாவில் 1971-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்ட் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அதற்குள் நான்கு பெரும் பூங்காக்கள் இருக்கின்றன. அங்கே ஒரு குடும்பம் நான்கைந்து நாட்கள் பூங்காவிலேயே கழிக்கிறது. அதன் சொந்த விடுதிகளில் தங்குவோருக்கு மற்றவர்களைவிட அரைமணி நேரம் முன்னதாக நுழையும் சலுகையும் உண்டு.

செந்தோசாவின் நிலை வேறு. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் அங்கே ஒரே பூங்கா. அதன் பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டேர், அதாவது 49 ஏக்கர். காலையில் நுழைந்தால் மாலைக்குள் பெரும்பாலும் பார்த்து முடித்துவிடலாம். நான்கு இரவுப் பயணத்தில் பூங்காவுக்கு உரியது ஒரு பகல்தான். அந்த ஒரு பகலுக்காக நான்கு இரவுகளையும் பூங்கா வாசலில் கழிக்க வேண்டுமா என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

வழியும் தொலைவும்

நகரத்தில் தங்குவோர் எவ்வளவு தூரம் வர வேண்டும்? லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து வடகிழக்குப் பாதையில் ஏறினால், மாறாமல் ஐந்தாவது நிறுத்தத்தில் ஹார்பர்ஃபிரண்ட் வந்துவிடும். அதன் மேலே இருக்கும் விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்னும் ஒற்றைத் தண்டவாள ரயில் புறப்படுகிறது. அடுத்த நிறுத்தமே பூங்கா வளாகம். தீவுக்குள் நுழைய அந்த ரயிலில் ஒருவருக்கு 4 சிங்கப்பூர் வெள்ளி வாங்குகிறார்கள். திரும்பி வரவும், தீவுக்குள் சுற்றவும் கட்டணம் இல்லை. கடல்மேல் அமைந்த நடைபாதையில் நடந்தே போவோருக்கு நுழைவு இலவசம். அறையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து பூங்கா வாசலை அடைய முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒருமுறை போய் மாலையில் ஒருமுறை திரும்ப இது பெரிய தூரமே அல்ல. ஆனால் நண்பகலில் அறைக்கு வந்து, இளைப்பாறி, மீண்டும் போக வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் பயணத்திலேயே கழிந்துவிடும்.  எனவே, உள்ளே தங்குவதால் கிடைக்கும் உண்மையான பயன் என்ன என்று கேட்டால், நண்பகலில் அறைக்குத் திரும்பும் வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தப் போகும் குடும்பத்துக்கு அது விலைமதிப்புள்ளது. பயன்படுத்தாத குடும்பத்துக்கு அது வீண்செலவு.

தொழுகை நேரங்களை முதலில் குறியுங்கள்

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் தொழுகை நேரங்கள் அதிகம் மாறுவதில்லை. லுஹர் பிற்பகல் ஒரு மணியை ஒட்டியும், அஸர் நாலேகாலை ஒட்டியும், மக்ரிப் ஏழை ஒட்டியும் வரும். பூங்காவோ பெரும்பாலும் காலை பத்து மணியளவில் திறந்து மாலையில் மூடுகிறது. ஆக, லுஹரும் அஸரும் பூங்காவுக்குள் இருக்கும்போதே வரும்.

பயணிகளுக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இங்கே நமக்குத் துணை நிற்கிறது. போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் பயணி, ஷாஃபிஈ மத்ஹபின்படி நான்கு ரக்அத்துத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில், பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணும் பயணி சுருக்கித் தொழ வேண்டும்; ஆனால் இத்தகைய பயணத்தில் இரண்டைச் சேர்த்துத் தொழ அங்கே இடமில்லை. நம் குடும்பங்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறார்கள். உங்கள் பயண நாட்களைச் சொல்லி, உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் முன்னதாகவே தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

அறை எடுக்கும் முடிவுக்கு இது எவ்வாறு உதவும் எனில், சேர்த்துத் தொழும் குடும்பம் பகலில் ஒருமுறை இடம் தேடினால் போதும். சேர்க்காத குடும்பத்துக்கு இருமுறை உளூவும் இடமும் வேண்டும். பெண்களும் பெரியவர்களும் உடன் இருக்கையில் அது எளிதன்று. பூங்காவினுள் தொழ ஒதுக்கிடம் எங்கே என்று விருந்தினர் உதவி மேடையில் நுழைந்தவுடனே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நேரம் நெருங்கிய பிறகு கேட்டால், பிள்ளைகளின் வரிசை ஒருபுறமும் தொழுகை மறுபுறமும் இழுக்கும்.

நகரத்தில் தங்குவோருக்குக் கிடைப்பவை

பூங்கா இல்லாத மூன்று நாட்களை எண்ணிப் பாருங்கள். அப்போது நகரமே நமக்கு வீடு போல இருக்கும். லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் அங்கூலியா பள்ளிவாசல் இருக்கிறது. கம்போங் கிளாமில் பொன்னிறக் குவிமாடத்துடன் சுல்தான் பள்ளிவாசல் நிற்கிறது. 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் குவிமாடத்தின் அடியில் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள் பதிக்கப்பட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். செல்வர்கள் மட்டுமன்றி ஏழைகளும் பங்கு பெற வேண்டும் என்று அவர்களிடமிருந்து திரட்டப்பட்டவை அவை. எந்தப் பூங்காவும் தராத பாடம் அது.

சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், 1826-இல் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர்கள் நிறுவியது. ஜும்ஆ உரையைத் தமிழில் கேட்கும் வாய்ப்பும் அங்கே உண்டு. சற்றுத் தள்ளித் தெலோக் ஆயர் தெருவில், 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா, இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகப் பேணப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் முதலில் தொழ ஓர் இடம் தேடினார்கள் என்பதைக் கண்ணால் காணும்போது பிள்ளைகளுக்குத் தங்கள் வேர் புரியும். அங்குள்ள பள்ளிவாசல்களில் பெண்களுக்கும் தொழ இடம் இருப்பதால், நம் சகோதரிகள் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

உணவைப் பொறுத்தவரையும் நகரம் நமக்கு எளிது. சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் வழங்குவது முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம். சான்றிதழ் ஒவ்வோர் உணவகத்துக்கும் தனித்தனியே தரப்படுகிறது, காலக்கெடுவும் உண்டு. ஒரு விடுதியில் ஓர் உணவகத்துக்குச் சான்றிதழ் இருப்பதால் அடுத்த சமையலறைக்கும் இருக்கும் என்று கொள்ளலாகாது. "காலை உணவு உட்பட" என்று கூடுதல் பணம் வாங்கும் விடுதியில், அந்தச் சமையலறைக்குச் சான்றிதழ் இல்லையேல், நீங்கள் கட்டிய பணத்துக்குப் பழத்தையும் ரொட்டியையும் தவிர வேறொன்றும் கிடைக்காது. முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கம்போங் கிளாமிலோ லிட்டில் இந்தியாவிலோ தங்கினால் இந்தக் கவலை குறைவு. காலையில் பரோட்டாவும் தேநீரும், இரவில் முர்தபாவும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும்.

நகரத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பழைய கடைவீடுகளை மாற்றியமைத்த விடுதிகள் சிலவற்றில் மின்தூக்கி இராது; சன்னல் இல்லாத அறைகளும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் விலையை மட்டும் பார்த்து முன்பதிவு செய்துவிட்டு, மூட்டுவலியுள்ள உம்மாவை மூன்று மாடிகள் ஏற்றி இறக்கியது. நான்கு நாட்களில் அந்த மூதாட்டி கண்ட சிங்கப்பூர் படிக்கட்டுகள்தாம். ஆகவே மின்தூக்கி, சன்னல், குளியலறையில் சுத்தம் செய்வதற்கான தண்ணீர்க் குழாய் ஆகிய மூன்றையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மலிவு என்பதற்காகக் கேலாங் பகுதியில் அறை எடுப்பதும் குடும்பத்தோடு செல்வோருக்கு ஏற்றதன்று; அங்கே சில சந்துகள் விபசாரத்துக்குப் பேர்போனவை. மலாய் மக்களின் சந்தையும் உணவகங்களும் உள்ள கேலாங் சிராய் வேறு. பெயரைக் கண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ள வேண்டாம்.

வளாகத்துக்குள் இன்னொரு வாசல்

பூங்கா இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா வளாகத்திலேயே ஒரு சூதாட்டக் கூடமும் இருக்கிறது. 2010 பிப்ரவரியில், பூங்காவுக்கு முன்னதாகவே திறக்கப்பட்டது அது. இருபத்தொரு வயது நிரம்பாதவர் அதற்குள் நுழைய முடியாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒருநாள் நுழைவுக்கே 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019 ஏப்ரலுக்கு முன் அது 100 வெள்ளியாக இருந்தது. தன் மக்கள் அங்கே செல்வதைக் குறைக்க அந்த அரசு போட்ட வேலி அது. வெளிநாட்டுப் பயணிக்கோ அந்த வேலி இல்லை, கட்டணமின்றி நுழையலாம். நமக்கு நம் ஈமானே வேலி.

"அந்த வளாகத்தில் அறை எடுப்பது ஆகுமா?" என்று பேணுதல் உள்ளவர்கள் கேட்பதுண்டு. தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பணி. நான் சொல்லக்கூடியது ஒரு விவரம்தான். பூங்காவை நடத்துவதும் அதே நிறுவனமே. அறைக்குக் கட்டும் பணமும் நுழைவுச் சீட்டுக்குக் கட்டும் பணமும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. எனவே அறை வேண்டாம், பூங்கா மட்டும் போதும் என்பதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தீவில் தங்கவேண்டும், அந்த வளாகத்தில் வேண்டாம் என்போருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. இம்பியா நிலையத்தின் பக்கமும் சிலோசோ கடற்கரைப் பக்கமும் வேறு நிறுவனங்களின் விடுதிகள் இருக்கின்றன. தீவுக்குள் ரயிலும் பேருந்தும் இலவசமாதலால், பூங்காவிலிருந்து சில நிமிடங்களில் அறைக்கு வந்துவிடலாம்.

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

தம்பதியர், மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி என அறுவர் போவதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் ஓர் அறையில் அறுவரை அனுமதிக்கும் விடுதி அரிது. பத்து வயதை எட்டிய பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடுமாறு மார்க்கமும் கற்பித்திருக்கிறது. ஆகவே இரண்டு அறைகள் வேண்டும். இடையே கதவுள்ள இணைப்பறைகளாகக் கேட்பது நலம்.

தீவில் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 100 வெள்ளி கூடுதல் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இரண்டு அறை, நான்கு இரவுக்கு 800 வெள்ளி. விலையின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால் கவனியுங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் என்பது பொருள். 800 வெள்ளி அப்போது 959 வெள்ளி 20 காசு ஆகிவிடும். நகரத்திலிருந்து ஒருநாள் போய்வர அறுவருக்கும் தீவு நுழைவு 24 வெள்ளி. நகர ரயில் கட்டணம் அதற்கு மேல் சிறிதளவே. உயரம் 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த ரயிலில் கட்டணமே இல்லை.

முழு வீடு ஒன்றையே சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துச் சமைத்து உண்ணலாமே என்று தோன்றும். கவனம் தேவை. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். தெரிந்தவர் ஏற்பாடு செய்கிறார் என்றாலும் பணம் கொடுத்து இத்தகைய வீட்டில் தங்காதீர்கள். வாடகை வண்டியிலும் ஒரு செய்தி உண்டு. உயரம் 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகள் கைப்பேசிச் செயலி வழி வரும் தனியார் கார்களில் ஏற, குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. இரவில் தூங்கும் குழந்தையுடன் சாலையோரம் நிற்கையில் இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

எந்தக் குடும்பத்துக்கு எது?

நடமாட்டத்தில் சிரமம் இல்லாதவர்கள், பூங்காவுக்கு ஒரே நாள் ஒதுக்குபவர்கள், நகரத்தில் தங்குவதே சிறந்தது. லிட்டில் இந்தியா பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பாருங்கள். பூங்கா முடிந்து திரும்புகையில் மக்ரிப் நெருங்கிவிட்டால் பதற வேண்டாம். ஹார்பர்ஃபிரண்ட் அருகிலேயே தெலோக் பிளாங்கா சாலையில் தெமெங்கோங் தாயெங் இப்ராஹிம் பள்ளிவாசல் இருக்கிறது.

முதியவரோ, கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ உடன் இருந்தால், பூங்காவையொட்டிய இரவை மட்டும் தீவில் கழிப்பது நடுவழி. பெரும் பெட்டிகளை நகர விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு ஒரு சிறு பையோடு போகலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. முதல்நாள் இரவு தங்கினால், பூங்காவுக்குப் போகும் நாளன்று காலை பதினொன்று, பன்னிரண்டுக்கெல்லாம் அறையை ஒப்படைக்க நேரும். பகலில் களைத்துத் திரும்ப அறை இராது. பூங்கா நாளன்றே அறை தொடங்குமாறு பதிவு செய்யுங்கள். காலையில் பையை விடுதியில் வைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போய்விடலாம். பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு அறை கிடைத்துவிடும். லுஹர் முடியுமுன் பாட்டியும் குழந்தையும் அறைக்குப் போய்த் தொழுது, இளைப்பாறி, அஸரும் தொழுதுவிட்டு விரும்பினால் மீண்டும் வரலாம். மறுநுழைவுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வெளியேறும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு விமானத்தில் ஏறி அதிகாலையில் இறங்குவோர், அன்றே பூங்காவுக்குப் போகும் திட்டத்தைக் கைவிடுங்கள். உறங்காத கண்களோடு போனால் பணமும் பிள்ளைகளின் மகிழ்ச்சியும் ஒருசேர வீணாகும். ஜூன் மாதம் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை. முடிந்தால் மே மாதத்துக்குள் போய்வந்துவிடுங்கள். பூங்கா திறந்திருக்கும் நாளும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், சீட்டு வாங்குமுன் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புச் சகோதரிகளே! "நாங்கள் உள்ளேயே தங்கினோம்" என்று ஊரில் சொல்லிக்கொள்வதற்காக மட்டும் செலவிடும் பணம் வீண்விரயம். அதே பணம், நடக்க இயலாத ஒரு தாய்க்கு நண்பகலில் ஒரு கட்டிலும் தொழ ஓர் இடமும் தருமானால், அது நன்மையான செலவு. பயணத் திட்டத்தை எழுத உட்காரும்போது, தொழுகை நேரங்களை முதல் வரியிலும், பெரியவர்களின் தேவையை இரண்டாம் வரியிலும் குறித்துவிட்டு, பூங்காவின் விளையாட்டுகளை அதன்பின் எழுதுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்த வரிசையை மறக்க மாட்டார்கள். எங்கே தங்குவது என்பதும் அந்தக் காகிதத்திலேயே தெளிவாகிவிடும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, ஈமானோடும் நலத்தோடும் இல்லம் திரும்பச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.